கொழும்பு தேசிய நூதனசாலை: ஆயுதம் பார்க்கப் போகிறவர்களுக்கு

கொழும்பு 7 இலுள்ள இந்த வெள்ளைக் கட்டடத்துக்குள் போகிறவர்களில் பெரும்பாலானோர் கண்டிச் சிம்மாசனத்தைத் தேடித்தான் நடப்பார்கள். 1815 இல் பறிபோய், 1934 இல் திரும்பி வந்த பொருள், பார்க்கத்தான் வேண்டும். ஆனால் போர்க்கருவிகளில் நாட்டமுள்ளவர் அதைக் கடைசிக்கு வைக்கலாம். கண் களைக்கும் முன் போகவேண்டியது 2023 இல் நெதர்லாந்து திருப்பிக் கொடுத்த ஆறு பொருள்களிடம்.

ஆறும் இவை: லெவ்கே திசாவை என்ற கண்டி மாகாண அதிகாரியின் பெயரால் அறியப்படும் பீரங்கி, பொன் கஸ்தானை (குட்டையான இலங்கை வாள்) ஒன்று, வெள்ளிக் கஸ்தானை ஒன்று, சிங்களக் கத்தி ஒன்று, மதிலில் தாங்கிச் சுடும் நீண்ட துப்பாக்கிகள் இரண்டு. 1765 இல் ஒல்லாந்தர் (நெதர்லாந்துக்காரர்) கண்டி அரண்மனைக்குள் புகுந்தபோது கொள்ளைபோனவற்றோடு சேர்த்தே இவை பேசப்படுகின்றன. பீரங்கியைச் சுற்றித்தான் கூட்டம். "இதால எத்தனை பேரைச் சுட்டிருப்பாங்கள்?" என்பதுதான் பிள்ளைகளின் முதல் கேள்வி. வெண்கலக் குழலின் மேல் பொன், வெள்ளி, மாணிக்கம் என்று இழைத்திருக்கும் ஒன்றைக் களத்துக்கு இழுத்துப்போக மாட்டார்கள். இது அரசனுக்கான காணிக்கை. சூரியன், பிறை, சிங்கம் மூன்றையும் குழலில் தேடிப் பாருங்கள். அவை கண்டி அரசனின் அடையாளங்கள். அதிலுள்ள ஆண்டுக் கணக்கு 1745 அளவுக்கு வருகிறது. அப்போது கண்டியை ஆண்டவன் ஸ்ரீ விஜய ராஜசிங்கன், அந்த அரியணையில் அமர்ந்த முதல் நாயக்கன், அதாவது தென்னிந்திய நாயக்கர் வழியினன்.

கஸ்தானைக்கு ஐந்து நிமிடமாவது கொடுக்கவேண்டும். பிடியின் தலையில் வாய் பிளந்த சிங்கம். கைக்காப்பின் முனைகளில் சிறிய மகரத் தலைகள். பலர் இதோடு திருப்தியடைந்து நகர்ந்துவிடுவார்கள். அலகைப் பாருங்கள். குட்டையானது, ஒருபக்கக் கூர், இலேசான வளைவு. பழைய கஸ்தானைகள் பலவற்றில் பிடி உள்ளூர் வேலை, அலகு ஐரோப்பாவிலிருந்து வந்தது. சிலவற்றில் ஒல்லாந்துக் கம்பனியின் முத்திரைகூட இருக்கும். இலங்கை வாளென்று சொல்லும் பொருளின் பாதி கப்பலில் வந்தது என்பதைக் கையேட்டில் வாசிப்பதைவிட, பிடியும் அலகும் பொருந்தும் இடத்தைப் பார்த்தே புரிந்துகொள்ளலாம்.

துப்பாக்கியில் பார்க்கவேண்டியது, மருந்தைப் பற்றவைக்கும் விசைப்பொறி எந்தப் பக்கம் என்பதை. ஐரோப்பியத் துப்பாக்கிகளில் வலப்புறம். சிங்களத் துப்பாக்கிகளில் இடப்புறம். படத்தில் மட்டும் பார்த்தவர்கள், அச்சகத்தில் படத்தைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள் என்று நினைப்பதுண்டு.

கண்ணாடிப் பேழைக்கு நேர் முன்னால் நின்றால் உங்கள் சட்டைதான் தெரியும். பக்கவாட்டில் சாய்ந்து நில்லுங்கள், கறுப்பு உடை இன்னும் நல்லது. கைபேசி வெளிச்சம் அடிப்பதால் பயனில்லை, கண்ணாடியிலேயே திரும்பிவிடும். படம் எடுக்கலாமா என்பதை டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். பழைய இரும்பைத் தொட நேர்ந்தால் கையுறை கேட்பது வீண் பகட்டல்ல: வியர்வையின் உப்பு இரும்பில் தங்கினால் விரல் ரேகையின் வடிவத்திலேயே துரு பிடிக்கும். கொழும்பின் ஈரக்காற்றில் இது வேகமாக நடக்கும். வெள்ளியின் எதிரி வேறு. காற்றிலுள்ள கந்தகம் அதைக் கறுப்பாக்கும். அதைத் தேய்த்துத் தேய்த்து மினுக்கினால் செதுக்கு வேலையும் சேர்ந்தே தேய்ந்துபோகும். வீட்டில் தாத்தாவின் பதக்கத்தை அடிக்கடி பிராசோ போட்டு மினுக்குகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

இப்படி ஆயுதத்தைப் பகுத்துப் பார்க்கும் பழக்கம் இந்தக் கட்டடத்துக்குப் புதிதல்ல. 1939 முதல் 1963 வரை பணிப்பாளராக இருந்த பி. ஈ. பி. தெரணியகல அடிப்படையில் விலங்கியலாளர். இரத்தினபுரி மாணிக்கக் குழிகளில் கிடைத்த எலும்புப் புதைபடிவங்களை ஆராய்ந்தவர். அவரே சிங்கள ஆயுதங்களையும் கவசங்களையும் பற்றி 1942 இல் எழுதினார். எலும்பைப் பார்த்து இனம் பிரித்தவரின் கண் பிடியையும் அலகையும் பிரித்துப் பார்த்ததில் வியப்பில்லை. வாளுக்குத் தனி நிபுணர், எலும்புக்குத் தனி நிபுணர் என்ற இன்றைய ஏற்பாட்டில் ஏதோ குறைந்துவிட்டதாகவே தோன்றுகிறது.

போவது எளிது: நகர மண்டபச் சந்தியில் இறங்கி, விகாரமகாதேவிப் பூங்காவை ஒட்டி நடந்தால் போதும். காலை 9 மணிக்கே போய்விடுங்கள். பாடசாலை பஸ்கள் வந்து சேர்ந்த பிறகு பேழைக்கு அருகே நிற்க இடமிருக்காது. ஆயுதங்களுக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் வைக்கவும்.

வெளியேறும் முன் காலி மும்மொழிக் கல்லையும் பாருங்கள். 1409 ஆம் ஆண்டுத் தேதியோடு, சீனக் கடற்தளபதி செங் ஹ கொண்டுவந்த கல். 1911 இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. சீனம் வலப்பக்கம், தமிழ் இடப்பக்கம் மேலே, அதன் கீழே பாரசீகம். தமிழ்ப் பகுதியில் காணிக்கை தெனவரை நாயனாருக்கு, அதாவது தென்கரையிலுள்ள தெவிநுவரைப் பெருமாளுக்கு. கல் தேய்ந்திருக்கிறது. வெளிச்சம் பக்கத்திலிருந்து விழும் கோணத்தில் நின்றால்தான் எழுத்து பிடிபடும்.