தைலம் ஃபிளைட்ல அனுப்புறீங்களா, வெத்து லெட்டர்ஹெட்ல கையெழுத்து போட்டு குடுத்துடாதீங்க

குன்னூர்ல எனக்கு சின்ன கடைங்க, தேயிலை, தைலம், வர்க்கி இதான் வியாபாரம். போன மாசம் டெல்லியில ஒரு கடைக்காரர் 40 லிட்டர் நீலகிரி தைலம் கேட்டார், ஒரு வாரத்துல வேணும்னார். மஞ்சூர் பக்கம் காய்ச்சுற பெரியவர் ஒருத்தர்கிட்ட தான் எப்பவும் எடுப்பேன், கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) தழையை மூட்டை மூட்டையா வேக வச்சாதான் ஒரு லிட்டர் தேறும், அதனால விலையும் ஜாஸ்தி. அவசரம்ங்கறதால கோயமுத்தூர்ல ஒரு கார்கோ ஏஜென்ட்டை பிடிச்சேன், பேரு வேண்டாம்.

போன்ல எவ்வளவு பக்குவமா பேசுனார் தெரியுமா. "தைலம் டிஜி ஐட்டம்ங்ணா, தீப்பிடிக்கிற சரக்கு, தனி பேக்கிங், தனி பேப்பர் எல்லாம் இருக்கு, நாங்க பாத்துக்கறோம், நீங்க லெட்டர்ஹெட்ல ரெண்டு கையெழுத்து மட்டும் போட்டு குடுத்துருங்ணா"ன்னார். டிஜின்னா டேஞ்சரஸ் குட்ஸ், அபாயகரமான சரக்கு. டிஜி சார்ஜ்னு தனியா 7,500 வாங்கிட்டார். நானும் வெத்து தாள்ல கையெழுத்து போட்டு சீல் வேற குத்தி குடுத்தேன் பாருங்க, அங்க பிடிச்சது சனி.

மூணாம் நாள் ஏர்போர்ட் கார்கோவுல இருந்து போன், உங்க சரக்கை நிறுத்தி வச்சிருக்கோம் நேர்ல வாங்கன்னு. பர்லியார்கிட்ட மண்ணு சரிஞ்சு ரெண்டு மணி நேரம் நின்னது தனிக்கதை, விடுங்க. பீளமேடு ஏர்போர்ட் போய் அங்க காமிச்ச பேப்பரை பாத்தா தலை சுத்திருச்சு. ஏர்வே பில்லுல, அதாவது ஃபிளைட்ல போற சரக்குக்கு போடுற சீட்டுல, "மூலிகை கூந்தல் எண்ணெய்". என் லெட்டர்ஹெட்ல, என் கையெழுத்துக்கு மேல, "இதில் அபாயகரமான பொருள் எதுவும் இல்லை, முழுப் பொறுப்பும் என்னுடையது"ன்னு டைப் அடிச்சிருக்கு. கூட இருந்த எம்எஸ்டிஎஸ், அதாவது சரக்கோட பாதுகாப்பு விவரத் தாள், யாரோ தேங்காய் எண்ணெய்க்கு வாங்கினது. சரக்கு சாதா பிளாஸ்டிக் கேன்ல, பெட்டி மேல தீப்பிடிக்கும்னு எச்சரிக்கிற சிவப்பு டயமண்ட் லேபிள் கூட இல்ல. 7,500 எதுக்கு வாங்குனாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு புரியல.

எப்படி மாட்டுச்சுன்னா ஒரு கேன் மூடி லூஸாகி லேசா கசிஞ்சிருக்கு. தைல வாசனையை ஒளிக்க முடியுமா, ஷெட் பூரா மணந்திருக்கு. மஞ்சூர் பெரியவர் சரக்கு கலப்படமா இருந்திருந்தா ஒருவேளை ஏறியே போயிருக்கும்.

அங்க இருந்த ஆபீசர் திட்டல, உக்கார வச்சு சொன்னார். இந்த தைலத்துக்கு ஃபிளாஷ் பாயின்ட், அதாவது அதோட ஆவி தீப்பொறி பட்டா பத்திக்கிற சூடு, 50 டிகிரி கிட்டதான், 60க்குள்ள இருந்தாலே கிளாஸ் 3, தீப்பிடிக்கும் திரவம். பேப்பர்ல உண்மையா இருந்தா நோட்டாக்னு ஒரு தாள் பைலட் கைக்கு போகும், எந்த ஹோல்டுல (சரக்கு அறையில) என்ன இருக்குன்னு அவருக்கு தெரியும், கூந்தல் எண்ணெய்னு எழுதிட்டா புகை வந்தாலும் கீழ என்ன எரியுதுன்னே தெரியாது. 1996 மே மாசம் மயாமியில கிளம்புன வேல்யூஜெட் ஃபிளைட்ல ஆக்சிஜன் ஜெனரேட்டர்களை பேப்பர்ல "காலி"ன்னு எழுதி ஏத்தி, தீப்பிடிச்சு 110 பேரும் போய்ட்டாங்கன்னார். எனக்கு வாய் திறக்கல, அந்த டெல்லி ஃபிளைட்ல எத்தனை குழந்தைங்க இருந்திருக்குமோ.

இதுல வயித்தெரிச்சல் என்னன்னா பொய் சொல்ல அவசியமே இல்ல. யூஎன் 1993 (தீப்பிடிக்கும் திரவத்துக்கான சரக்கு நம்பர்), பேக்கிங் குரூப் 3 (அபாயம் கம்மியான பிரிவு)ன்னு ஒழுங்கா எழுதி, சோதிச்சு யூஎன் மார்க் போட்ட டப்பாவுல அடைச்சு, டிஜி எடுக்குற ஏர்லைனா பாத்து குடுத்தா பாசஞ்சர் ஃபிளைட்லயே ஒரு பெட்டிக்கு 60 லிட்டர் வரைக்கும் விடுவாங்களாம். என் சரக்கு மொத்தமே 40!

ஏஜென்ட்டை கேட்டா "ஸ்டாஃப் தப்பா டைப் பண்ணிட்டான்ங்ணா"ன்னார். தேங்காய் எண்ணெய் எம்எஸ்டிஎஸ்ஸும் டைப்பிங் மிஸ்டேக்கா? அதுக்கப்புறம் போனே எடுக்கல. விளக்கம் எழுதி குடுக்க சொன்னது என்னைத்தான், ஏன்னா பேப்பர்ல ஷிப்பர், அதாவது சரக்கு அனுப்புறவர், நான். அவர் வாட்ஸ்அப்ல "டிஜி ஐட்டம்ங்ணா"ன்னு அனுப்பின வாய்ஸ் நோட் மட்டும் அழிக்காம வச்சிருந்தேன், அதையும் டிஜி சார்ஜ் பில்லையும் சேர்த்து குடுத்திருக்கேன்.

கோத்தகிரி, ஊட்டி பக்கம் யாராவது அனுப்புறதா இருந்தா ஏர்வே பில் காப்பியும் டிஜி டிக்ளரேஷன் (அபாயகரமான சரக்குன்னு அனுப்புறவர் எழுதி குடுக்குற தாள்) காப்பியும் சரக்கு ஏறுறதுக்கு முன்னாடியே கேட்டு வாங்கி ஒவ்வொரு வரியா படிங்க, டிக்ளரேஷன் ஓரத்துல சிவப்பு கோடு கோடா இருக்கும், அந்த தாளே இல்லன்னா உங்க தைலம் வேற பேர்லதான் போகுது. எம்எஸ்டிஎஸ் உங்க சரக்குக்கே வாங்குங்க.

40 லிட்டரும் திரும்பி வந்து கடைக்கு பின்னாடி ஷெட்ல கிடக்கு, டெல்லிக்காரர் வேற இடத்துல வாங்கிட்டார். வீட்டம்மா அந்த பக்கம் போறப்பல்லாம் சளிக்கு நல்லதுன்னு சிரிச்சுட்டே போறாங்க.