வளரிளம் பிள்ளைகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையம்: மருத்துவம் நன்று, சீட்டு வாங்கும் இடம்தான் வினை

ஈரோடு மாவட்டத்தில் எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அக்கா மகளைக் கூட்டிப் போயிருந்தேன். பிளஸ் ஒன் படிக்கிறாள், எந்நேரமும் அசதி, மாதவிடாயும் தள்ளித் தள்ளித்தான் வருகிறது. 10 முதல் 19 வயது வரையுள்ள பிள்ளைகளுக்காக மத்திய அரசு 2014-இல் ஒரு தேசியத் திட்டமே தொடங்கியிருக்கிறது, ஆலோசனை, பரிசோதனை, மாத்திரை எல்லாம் இலவசம். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு இது தெரியாது.

உள்ளே இருந்த நர்ஸம்மா தங்கமானவர். என்னை வெளியே இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு அவளிடம் தனியாகப் பேசினார். பள்ளியில் வாராவாரம் தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை வயிறு புரட்டுகிறது என்று அவள் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது எங்களுக்கே அப்போதுதான் தெரியும். "வெறும் வயித்துல போடாதீங்க கண்ணு, சாப்பிட்டுப் போடுங்க, கூடவே டீ குடிக்காதீங்க, மலம் கறுப்பாப் போனா பயப்படக் கூடாது" என்று பொறுமையாகச் சொன்னார். இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் அவள் ஒழுங்காகப் போட்டிருப்பாள்.

ஆனால் அந்த அறைக்குப் போய்ச் சேர்வதற்குள் பட்ட பாடு! ஓபி சீட்டு எழுதுகிற இடத்தில் "என்ன பிரச்சனை?" என்று வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்கிறார்கள், பின்னால் நிற்பதெல்லாம் சொந்தபந்தம், "இன்னார் வீட்டுப் புள்ளைதானே, என்னாச்சுங் அம்மிணி?" என்று விசாரணை வேறு. இதற்குப் பயந்துதான் பெண் பிள்ளைகள் வருவதில்லை. பையன்களில் ஒருவனைக்கூட அங்கே பார்க்கவில்லை, பிரசவத்துக்கும் குழந்தைத் தடுப்பூசிக்கும் உள்ள இடம் என்று நினைத்துக்கொண்டு மெடிக்கலில் எதையாவது கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள்.

நேரமும் ஒத்துவரவில்லை. பள்ளி நேரத்தில்தான் ஓபி, லீவு போடக் காரணம் சொல்ல வேண்டும். திருப்பூர் பனியன் கம்பெனிக்கு விடியக்காலை பஸ் ஏறும் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போச்சு. வாரத்தில் ஒரு சாயங்காலம் இவர்களுக்கென்று ஒதுக்கி, சீட்டில் பெயரும் வயதும் மட்டும் எழுதினால் போதும், தானாக வருவார்கள்.

மருத்துவத்துக்கு 5-க்கு 4, சீட்டு வாங்கும் இடத்துக்கு 1. போகிறவர்கள் செவ்வாயும் புதனும் தவிர்த்துவிடுங்கள், கர்ப்பிணிகளும் தடுப்பூசிக் குழந்தைகளுமாகக் கூட்டம் நெரியும். மனசு சம்பந்தப்பட்டது என்றால் வரிசையே வேண்டாம், அரசின் மனநல உதவி எண் 14416-க்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம்.