வேலூரில் ஸ்கூபா பயிற்சி என்று யாராவது கூப்பிட்டால், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

நானும் என் சித்தி மகனும் ஆளுக்கு 18,500 ரூபாய் கட்டி, காற்றுச் சிலிண்டரை மாட்டிக்கொண்டு தண்ணீருக்கு அடியில் போகும் ஸ்கூபா டைவிங் கற்றுக்கொள்ளப் போனோம். நான் காதில் ரத்தம் கட்டி வீட்டில் கிடந்தேன், அவன் கையில் ஒரு போலிச் சான்றிதழ் அட்டையோடு வந்தான். ஆளின் பெயரை இங்கே போடவில்லை, புகார் கொடுக்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் அவர் இன்னமும் காட்பாடி, சத்துவாச்சாரி பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் அதே விளம்பரத்தைப் போட்டுக்கொண்டிருக்கிறார், அதனால்தான் எழுதுகிறேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நடந்ததற்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறது. எனக்குத் தண்ணீர் என்றால் பயம். ஏழு வயதில் குடியாத்தம் பக்கம் தாத்தா நிலத்துக் கிணற்றில் படி வழுக்கி விழுந்தேன், மாமா குதித்து முடியைப் பிடித்துத் தூக்கினார். பாலாற்றில் மணலைத் தவிர வேறு எதையும் பார்க்காமல் வளர்ந்த ஊர் எங்களுடையது, 2021 நவம்பரில் ஆறு இரு கரையும் தொட்டு ஓடியபோது ஊரே பாலத்தின் மேல் நின்று வேடிக்கை பார்த்தது, நான் மட்டும் வண்டியை விட்டு இறங்கவில்லை. இப்படியே இருக்கக்கூடாது என்றுதான் முப்பத்தொரு வயதில் நீச்சல் கற்றுக்கொண்டேன். குளத்தை இரண்டு முறை கடக்க வரும், அவ்வளவுதான். அதன் பிறகு கடலுக்கு அடியில் ஒரு முறையாவது போய்ப் பார்க்கவேண்டும் என்று ஆசை வந்தது. இந்த ஆசையையும் பயத்தையும் அந்த ஆளிடம் போனிலேயே ஒளிக்காமல் சொன்னேன். "பயப்படறவங்களுக்குத்தான் மேடம் நம்ம கோர்ஸே, ரெண்டு நாள்ல இன்டர்நேஷனல் சர்ட்டிஃபிகேட்" என்றார்.

விளம்பரத்தில் இருந்தது இவ்வளவு: ஒரு நாள் வேலூரில் நீச்சல் குளத்தில் பயிற்சி, அடுத்த சனிக்கிழமை புதுச்சேரியில் கடலில் இரண்டு முறை இறக்கம், அன்று இரவே ஏலகிரியில் கேம்ப் ஃபயர், ஞாயிறு வீடு. நீச்சல் தெரியவேண்டிய அவசியமில்லை. உலகம் முழுக்கச் செல்லும் ஓபன் வாட்டர் சான்றிதழ். ஒவ்வொரு வரியிலும் தப்பு இருந்தது என்று இப்போது தெரிகிறது, அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியாது. முன்பணத்தை ஒரு தனிநபர் எண்ணுக்கு ஜிபே செய்யச் சொன்னார், ரசீது கேட்டதற்கு "ஸ்கிரீன்ஷாட்டே ரசீதுதான்" என்றார். செய்தேன்.

பயிற்சி நாள் காலையில் ஏழு மணிக்குப் போன் வந்தது. குளத்தில் ஏதோ பராமரிப்பு வேலையாம், லத்தேரி தாண்டி ஒரு மாந்தோப்புக் கிணற்றில் வைத்துக்கொள்ளலாம், தண்ணீர் நிறைய இருக்கிறது என்றார். கிணறு என்றதுமே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. தம்பி "வா அக்கா, நான் இருக்கேன்" என்றான், போய்விட்டேன். அங்கேயே திரும்பியிருக்கவேண்டும். பெரிய சதுரக் கிணறு, ஒரு பக்கம் மட்டும் கல் படி, தண்ணீர் பச்சையாக, கையை முழங்கை வரை விட்டால் விரல் தெரியவில்லை. ஆழம் முப்பது அடிக்கு மேல் இருக்கும் என்று தோப்பைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் சொன்னார். "இன்னாம்மா, சரியா நீஞ்சத் தெரியாம இதுல எறங்கறியே" என்று அவர் கேட்டபோது அந்த ஆள் அவரைச் சத்தம் போட்டு அனுப்பிவிட்டார். அன்று முழுவதும் அங்கே சரியாகப் பேசியது அந்தப் பெரியவர் ஒருவர்தான்.

முதன்முதலாக ரெகுலேட்டரை, அதாவது சிலிண்டர் காற்றைத் தரும் கருவியை, வாயில் வைத்து மூச்சு விடும் ஆளை நிற்க முடிகிற ஆழத்தில்தான் வைக்கவேண்டும், தண்ணீர் தெளிவாக இருக்கவேண்டும். மாஸ்க்குக்குள் தண்ணீர் வந்தால் மூக்கால் ஊதி வெளியேற்றுவது, ரெகுலேட்டர் வாயிலிருந்து நழுவினால் தேடி எடுத்து மறுபடி வைப்பது எல்லாம் அங்கே நின்றபடியே பலமுறை செய்து பழகவேண்டிய விஷயங்கள். எங்களுக்கு அதில் ஒன்றுகூடச் சொல்லித்தரவில்லை. படியில் உட்காரவைத்து, மருத்துவப் படிவம் என்று ஒரு தாளை நீட்டினார். எல்லாக் கட்டத்திலும் 'இல்லை' என்று ஏற்கெனவே டிக் அடித்திருந்தது. எனக்கு ஆஸ்துமா உண்டு, பையில் இன்ஹேலர் வைத்திருப்பேன். அதைச் சொன்னேன். "ஆக்சிஜன் சிலிண்டர் மாட்டிக்கப் போறீங்க மேடம், மூச்சுப் பிரச்சினையே வராது" என்றார்.

இந்த ஒரு பதிலிலேயே இரண்டு ஆபத்து இருக்கிறது. ஆஸ்துமா உள்ளவர்கள் மேலே வரும்போது, சுருங்கிய மூச்சுக்குழாய்க்குப் பின்னால் காற்று மாட்டிக்கொண்டு விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடக்கூடும், அதனால்தான் அந்தக் கேள்விக்கு 'ஆம்' என்றால் டாக்டர் பரிசோதித்துக் கையெழுத்துப் போடாமல் இறக்கக்கூடாது. மற்றது, பழகுகிறவர்களின் சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன் இல்லை. நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றைத்தான் வடிகட்டி, சுமார் 200 பார் அழுத்தத்தில் அடைத்திருப்பார்கள். சுத்த ஆக்சிஜனோடு 6 மீட்டருக்குக் கீழே போனால் அதுவே விஷமாகி வலிப்பு வரக்கூடும். இது முதல் பாடத்திலேயே சொல்லித்தரும் விஷயம். ஒரு பயிற்றுநர் அதை ஆக்சிஜன் சிலிண்டர் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

என் சிலிண்டரின் மீட்டரில் முள் 200-க்குப் பதில் 110-ல் நின்றது. எங்கே நிரப்பினீர்கள் என்று தம்பி கேட்டதற்குப் பதில் வரவில்லை. சுவாசிக்கும் காற்றுக்கென்றே வடிகட்டியோடு தனி கம்ப்ரசர் வேண்டும், டயருக்குக் காற்றடிக்கும் இயந்திரத்தில் எண்ணெய்ப் புகை கலந்துவிடும். அப்புறம், வாயில் வைக்கும் குழாய் ஒன்றுதான் இருந்தது. கூட வருகிறவருக்குக் காற்று தீர்ந்தால் கொடுப்பதற்கு மஞ்சள் நிறத்தில் இன்னொன்று தொங்கவேண்டும், அது இல்லை.

இறங்கினோம். ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே போகச் சொன்னார். பத்து அடி போவதற்குள் இரண்டு காதிலும் ஊசி குத்துவதுபோல் வலி. காதுக்குள் அழுத்தத்தைச் சமப்படுத்த மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதவேண்டும் என்றும், வலி வருவதற்கு முன்பே ஒவ்வோர் இரண்டு மூன்று அடிக்கும் அதைச் செய்யவேண்டும் என்றும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீர்மட்டத்திலிருந்து 10 மீட்டர் ஆழத்துக்குள்ளேயே அழுத்தம் இரண்டு மடங்காகிவிடுகிறது, அதனால் அதிக ஆழத்தைவிட முதல் சில மீட்டரில்தான் காது அதிகம் அடிபடும். வலித்தால் கொஞ்சம் மேலே ஏறி மறுபடி முயற்சி செய்யவேண்டும், அப்போதும் திறக்கவில்லை என்றால் அன்றைக்கு இறக்கமே கிடையாது.

அதற்கு முந்தைய இரவு நான் சில வீடியோக்கள் பார்த்திருந்தேன், அதில் ஒன்று மனதில் நின்றது. டைவிங்கில் கட்டைவிரலை உயர்த்தினால் 'நன்றாக இருக்கிறேன்' என்று பொருள் இல்லை, 'மேலே போகவேண்டும்' என்று பொருள். நன்றாக இருந்தால் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்டவேண்டும். அந்தப் பச்சை இருட்டில் அவர் முகத்துக்கு நேராகக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். அவரும் சிரித்துக்கொண்டே கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு, என் தோள்பட்டைப் பட்டையைப் பிடித்து இன்னும் கீழே இழுத்தார்.

அவருக்குச் சைகையே தெரியவில்லை என்று எனக்குப் புரிந்த நொடி அது. காதில் ஏதோ உடைந்த மாதிரி இருந்தது, கையை உதறிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாய்ந்தேன். மூச்சைப் பிடித்தபடி மேலே வருவது ஸ்கூபாவில் செய்யவே கூடாத காரியம், நாலைந்து அடி ஆழத்திலிருந்து வந்தாலே நுரையீரலில் காற்று விரிந்து காயமாகலாம். எனக்கு அப்படி நடக்காமல் போனது அதிர்ஷ்டம் மட்டும்தான்.

படியில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தவளைப் பார்த்து அவர் சொன்னது: "நீங்க ரொம்ப பயப்படறீங்க மேடம், உங்களுக்கு இது செட் ஆகாது." பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கும் அதே பதில்தான், பயந்தது நீங்கள், நான் என் வேலையைச் செய்தேன் என்றார். இதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். எட்டு நாள் அவர் சொன்னதை நம்பினேன். என் பயத்தால்தான் கெட்டுப்போயிற்று, நான் பிறகு ஏன் ஆசைப்பட்டேன் என்று வீட்டில் யாரிடமும் பேசாமல் இருந்தேன். காது அடைப்பு விடாததால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன், ஊரெல்லாம் ஆஸ்பத்திரி இருக்கும் வேலூரில் அதற்கே எட்டு நாள் தள்ளிப்போட்டிருந்தேன். செவிப்பறைக்குப் பின்னால் ரத்தம் கட்டியிருக்கிறது, அழுத்தத்தால் வந்த காயம், ஆறு வாரம் காதில் தண்ணீர் படக்கூடாது என்றார். நடந்ததைக் கேட்டுவிட்டு, "வலிக்குதுன்னு நீங்க சொன்னது பயம் இல்லம்மா, உடம்பு சரியாத்தான் சொல்லியிருக்கு" என்றார். அதைக் கேட்டு அங்கேயே அழுதேன்.

தம்பி கதை வேறு. பணம் போய்விடுமே என்று அடுத்த சனிக்கிழமை புதுச்சேரிக்குப் போனான். அங்கே இவர்கள் ஆறு பேரையும் ஒரு படகில் ஏற்றிவிட்டு அந்த ஆள் கரையிலேயே இருந்துவிட்டார். ஒவ்வொருவரையும் யாரோ சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு ஐந்தாறு மீட்டர் இறக்கிப் பன்னிரண்டு நிமிடம் காட்டிவிட்டு ஏற்றியிருக்கிறார்கள், இரண்டு தடவை. அது அறிமுக டைவ். அதில் தப்பில்லை, பயப்படுகிறவர்கள் அப்படித் தொடங்குவதே நல்லது, 12 மீட்டருக்குள் பயிற்றுநர் கூடவே வருவார். ஆனால் அதற்கு ஓபன் வாட்டர் சான்றிதழ் கிடையாது. பாடி (PADI) என்ற சர்வதேச டைவிங் பயிற்சி அமைப்பின் ஓபன் வாட்டர் என்றால் பாடமும் தேர்வும் உண்டு, குளப் பயிற்சிகள் உண்டு, 200 மீட்டர் நீந்தவேண்டும், 10 நிமிடம் மிதக்கவேண்டும், கடலில் நான்கு டைவ், அதுவும் ஒரே நாளில் முடிக்கக்கூடாது. அதன் பிறகுதான் 18 மீட்டர் வரை போக அனுமதி. தம்பிக்குக் கிடைத்தது லேமினேட் செய்த ஓர் அட்டை. அதிலிருந்த பயிற்றுநர் எண்ணை அமைப்பின் தளத்தில் போட்டுப் பார்த்தோம், அப்படி யாருமே இல்லை. பணம் கட்டும் முன்பு இரண்டு நிமிடத்தில் பார்த்திருக்கலாம்.

எனக்கு இன்றைக்கும் பதறுவது ஏலகிரி விஷயம்தான். ஆழத்தில் சுவாசிக்கும்போது உடம்பில் நைட்ரஜன் கரைந்து சேர்கிறது, அது மெதுவாக வெளியேறவேண்டும். அதற்குள் உயரத்துக்குப் போனால், சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் குமிழியாகி மூட்டிலும் நரம்பிலும் போய் நிற்கக்கூடும். ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரமும், ஒன்றுக்கு மேல் என்றால் 18 மணி நேரமும் விமானமோ மலையோ ஏறக்கூடாது என்பது வழக்கமான அறிவுரை. வேலூர் சுமார் 200 மீட்டர் உயரம்தான், வீட்டுக்கு வரலாம். ஏலகிரி 1,100 மீட்டர். காலையில் இரண்டு டைவ் முடித்தவர்களை வேனில் ஏற்றி, அன்று இரவே பதினான்கு கொண்டை ஊசி வளைவும் ஏற்றிக்கொண்டுபோய் மேலே விட்டிருக்கிறார். ஆழம் குறைவு, நேரம் குறைவு, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த குழுவை இருபது மீட்டருக்கு அழைத்துப்போய்விட்டு இதே வேனில் ஏற்ற மாட்டார் என்று யாரால் சொல்ல முடியும்? ஜவ்வாது மலைக்கும் இதேதான்.

காது ஆறிய பிறகு புதுச்சேரியில் வேறு ஒரு பயிற்றுநரைப் போனில் பிடித்தேன். விலை கேட்டேன், அவர் அதற்குப் பதில் சொல்லாமல் முதலில் கேட்டது, "மூச்சுத் தொந்தரவு, காதுத் தொந்தரவு ஏதாவது உண்டாம்மா?" முழுதும் சொன்னேன். நுரையீரல் பரிசோதனை செய்து, டாக்டர் கையெழுத்தோடு படிவத்தை அனுப்புங்கள், அவர் வேண்டாம் என்றால் நானும் கூட்டிப்போக மாட்டேன் என்றார். முன்பணம் கேட்கவில்லை. பரிசோதனைக்கு அடுத்த வாரம் நேரம் வாங்கியிருக்கிறேன்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிந்தாயிற்று. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு எழுதிவிட்டேன், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, நடந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும். அந்த வேனில் தம்பியோடு வந்த மற்ற ஐந்து பேரில் இருவர்தான் இதுவரை கிடைத்திருக்கிறார்கள். மாந்தோப்புக் கிணறு, ஏலகிரி கேம்ப், லேமினேட் அட்டை, இதெல்லாம் உங்களுக்கும் நடந்திருந்தால் ஜிபே ஸ்கிரீன்ஷாட்டையும் அந்த அட்டையையும் அழிக்காமல் வைத்திருங்கள், எனக்குத் தனியாக ஒரு செய்தி போடுங்கள், மனுவில் சேர்த்துக்கொள்கிறேன்.