பாடசாலை அதிபர் மீது அதிருப்தி: வன்னிப் பெற்றாருக்கு உள்ள வழிகளும் அவற்றின் பலமும் பலவீனமும்

வன்னியில் ஒரு மகா வித்தியாலயத்தின் சாதாரண தரப் பெறுபேறு இரண்டு மூன்று ஆண்டு தொடர்ந்து சரிந்தால் ஊரில் வழமையான பேச்சுகள் எழும். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தைக் கூட்டிக் கேட்போம் என்பார்கள் சிலர். வலயக் கல்வி அலுவலகத்துக்கு மகஜர் கொடுப்போம் என்பார்கள் வேறு சிலர். வாசலைப் பூட்டுவோம், வெளிநாட்டுப் பழைய மாணவரிடம் காசு கேட்டு ஆசிரியர் போடுவோம், பிள்ளையை ரவுண் பள்ளிக்கூடத்துக்கு மாற்றுவோம் என்ற குரல்களும் வரும். இவை ஒன்றுக்கொன்று மாற்றானவை என்று எண்ணி ஊர் இரண்டுபடுகிறது. ஒவ்வொன்றும் வேறு வேறு பிழையைத் திருத்தத்தான் உதவும்.

ஆகவே முதலில் பிழை எங்கே இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மாகாணப் பாடசாலை அதிபருக்கு ஆசிரியரை நியமிக்கவோ இடமாற்றவோ அதிகாரம் இல்லை. கணித ஆசிரியர் வெற்றிடம் ஒரு வருடமாக நிரப்பப்படவில்லை என்றால் அது வலயத்தினதும் மாகாணத்தினதும் பிழை. ஆனால் நேரசூசி போடுவது, வராத ஆசிரியரின் பாடவேளைக்குப் பதில் ஆள் அனுப்புவது, வகுப்பறை மேற்பார்வை, லீவுக்குச் சிபாரிசு, சங்கக் கணக்கைக் காட்டுவது இவ்வளவும் அதிபரின் கையில்தான் உண்டு.

ஓர் உதாரணம். யாழ்ப்பாணத்திலிருந்து ஆசிரியர்களை ஏற்றிவரும் பேருந்து பரந்தன் சந்தியில் பிந்தினால், விசுவமடு, புதுக்குடியிருப்புப் பக்கப் பாடசாலைகளில் முதலாம் பாடவேளை போய்விடும். பேருந்து பிந்துவது அதிபரின் குற்றம் ஆகாது. ஆனால் தரம் 11 இன் கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் அதே முதலாம் பாடவேளையில் தொடர்ந்து வைத்திருப்பது அதிபரின் குற்றம். உள்ளூரில் தங்கியிருக்கும் ஆசிரியருக்கு முதலாம் பாடவேளையைக் கொடுத்து, பயணம் செய்து வருபவரின் பாடத்தை இரண்டாம் பாடவேளைக்குப் பின்னால் தள்ளலாம். ஒரு சதமும் செலவில்லாத திருத்தம் இது. மகஜரில் கேட்க வேண்டியது இப்படியானவற்றைத்தான்.

வலயத்தின் பிழை, அதிபரின் பிழை என்ற இரண்டையும் தவிர மூன்றாவது வகை ஒன்றும் உண்டு, அதற்கு வழிகளை ஒப்பிட்டுப் பார்ப்பதே பொருந்தாது. பிள்ளை மீது துன்புறுத்தல் என்றால் சங்கம், மகஜர் என்று காத்திருக்கக் கூடாது. சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கும் பொலிசுக்கும் அன்றைக்கே சொல்ல வேண்டும். ஊருக்குள் பேசித் தீர்ப்போம் என்று யார் சொன்னாலும் கேட்கக் கூடாது. காசு மோசடிக்குக் கையில் ஆவணம் இருந்தால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 இருக்கிறது.

பாடசாலை அபிவிருத்திச் சங்கம்

மிக அருகில் உள்ள வழி இது. செலவில்லை, கூட்டம் வைத்த அன்றே பதில் கிடைக்கலாம். பலவீனமும் அதற்குள்ளேயே இருக்கிறது. சங்கத்துக்குப் பதவிவழித் தலைவர் அதிபர்தான். யாரைப் பற்றி முறையிடுகிறோமோ அவரே கூட்டத்தை நடத்துவார். அதனால் அதிபரின் நடத்தையை இங்கே விவாதிப்பதில் பயனில்லை, சண்டைதான் மிஞ்சும். சங்கத்தால் உண்மையில் செய்யக்கூடியது கணக்குக் கேட்பது. வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் காசுப் புத்தகம், பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் அடிக்கட்டை, வங்கிக்கூற்று மூன்றையும் மேசையில் வைக்கச் சொல்லுங்கள். மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் அந்த இடத்திலேயே கூட்டக் குறிப்பில் எழுதச் செய்யுங்கள்.

பெரும்பாலான ஊர்களில் பிழைப்பது கூட்டக் குறிப்பில்தான். பெற்றார் ஒரு மணித்தியாலம் கொதித்துப் பேசுவார்கள். குறிப்பிலோ “பாடசாலை வளர்ச்சி பற்றிக் கலந்துரையாடப்பட்டது” என்று ஒற்றை வரி இருக்கும். அடுத்த கூட்டத்தில் போன கூட்டத்தின் குறிப்பை வாசிக்கும்போது, அதை ஏற்று முன்மொழிவதற்கு முன் விடுபட்டதைச் சேர்க்கச் சொல்லலாம். அந்த ஐந்து நிமிடத்தைத் தவறவிட்டால் முதல் கூட்டம் நடந்ததற்கே சாட்சி இல்லை.

மகஜரும் தகவல் அறியும் விண்ணப்பமும்

இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். தகவல் இல்லாத மகஜர் வலயத்தின் கோவைக்குள் போய்த் தூங்கிவிடும். எங்கள் கணிப்பில் ஐந்து வழிகளிலும் நின்று பலன் தருவது இந்தச் சோடிதான். மெதுவாக நகரும் என்பதை முதலே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரசையும் காரணம் சொல்லாமல் தகவல் கேட்கலாம். வலயக் கல்வி அலுவலகத்தின் தகவல் அலுவலருக்கு எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான எழுத்தை வாங்குங்கள். தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தர மறுத்தாலோ பதிலே வராவிட்டாலோ 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம். அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம்.

விண்ணப்பம் பிழைப்பது கேள்வி கேட்கும் விதத்தில். “ஏன் எங்கள் பாடசாலையைப் புறக்கணிக்கிறீர்கள்?” என்ற கேள்விக்கு இந்தச் சட்டத்தில் பதில் இல்லை. ஏற்கெனவே பதிவில் உள்ளதை மட்டுமே கேட்கலாம். பாட வாரியாக அங்கீகரிக்கப்பட்ட ஆளணி (ஆசிரியர் தொகை) எத்தனை, இப்போது கடமையில் எத்தனை பேர்? கடந்த இரண்டு ஆண்டில் வெளிவாரி மேற்பார்வை நடந்த திகதிகள் எவை, அறிக்கையின் பிரதி எங்கே? கற்றல் கற்பித்தல் பொருட்களுக்கான தரஉள்ளீட்டு நிதியாகக் கிடைத்த தொகை எவ்வளவு, எதற்குச் செலவானது? அதிபர் பதவி எந்தத் திகதியிலிருந்து பதில் கடமையில் இருக்கிறது, வெற்றிடத்துக்கு விண்ணப்பம் கோரப்பட்ட திகதி எது? இந்த நான்கு கேள்வியும் போதும். அதிபரின் சுகவீன லீவு, சொந்த விபரம் போன்றவற்றைக் கேட்டால் தனிப்பட்ட தகவல் என்று மறுப்பார்கள், அந்த மறுப்பு மற்றக் கேள்விகளையும் பின்தள்ளும்.

வலயம் தரும் பதிலோடு சேர்க்க வேண்டிய சான்று பிள்ளைகளின் புத்தகப் பையிலேயே இருக்கிறது. ஒரே வகுப்பில் ஒழுங்காகப் பாடசாலை போகும் மூன்று பிள்ளைகளின் விஞ்ஞானக் கொப்பியை எடுத்து, பக்கத்தின் மேல் மூலையில் எழுதியிருக்கும் திகதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். பக்கத்தில் நேரசூசியை வையுங்கள். எந்தெந்த நாளில் பாடம் நடக்கவில்லை என்பது தெரிந்துவிடும். ஒரு கொப்பியை மட்டும் வைத்தால் பிள்ளை வரவில்லை என்று சொல்லிவிடுவார்கள். மூன்றிலும் அதே நாள் வெறுமையாக இருந்தால், வலயம் ஆசிரியரின் வரவுப் பதிவேட்டையும் பதிற்கடமைப் பதிவையும் எடுத்துப் பார்க்க வேண்டிவரும்.

மகஜரின் மொழியும் அப்படித்தான் இருக்க வேண்டும். “அதிபர் பொறுப்பற்றவர், சர்வாதிகாரி” என்று எழுதினால் விசாரிக்க அங்கே எதுவும் இல்லை. “தரம் 11 இல் மார்ச் மாதம் நேரசூசியிலிருந்த விஞ்ஞானப் பாடவேளைகளில் இன்னின்ன திகதிகளில் வகுப்பு நடக்கவில்லை, பதில் ஆசிரியரும் வரவில்லை” என்று எழுதினால் அது விசாரணைக்குரிய விடயம். ஒரு பக்கம், மூன்று கோரிக்கை, ஒவ்வொன்றுக்கும் ஒரு காலக்கெடு. கோட்டக் கல்விப் பணிப்பாளர் ஊடாக வலயக் கல்விப் பணிப்பாளருக்கு விலாசமிட்டு, மாகாணக் கல்விப் பணிப்பாளருக்கும் மாகாணக் கல்விச் செயலாளருக்கும் பிரதி போட்டுப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தேசிய பாடசாலை என்றால் பாதை வேறு, அது கொழும்பில் உள்ள கல்வி அமைச்சின் நேரடிப் பொறுப்பு. இது தெரியாமல் மாகாணத்துக்கு எழுதி மாதங்களை வீணாக்கியவர்கள் உண்டு.

ஒப்பமிடுபவர்கள் அந்தப் பாடசாலையில் இப்போது பிள்ளை படிக்கும் பெற்றாராக இருக்கட்டும். பெயருக்கு நேரே பிள்ளையின் வகுப்பு இருக்கட்டும். ஊரவர் முந்நூறு பேரின் ஒப்பத்தை விட நாற்பது பெற்றாரின் ஒப்பம் கனமானது. மொட்டைக் கடிதம் வேண்டவே வேண்டாம். அது அதிபருக்குத்தான் உதவும், இனி வரும் உண்மையான முறைப்பாடும் அதே கையின் வேலை என்று தள்ளிவிட வழி கிடைக்கும்.

இதற்குப் பிறகு ஆரம்ப விசாரணை, அதில் முகாந்திரம் இருந்தால் குற்றப்பத்திரம், பிறகு முறைசார் ஒழுக்காற்று விசாரணை என்று அரச ஊழியருக்கான விதிநூலான தாபனக் கோவை சொல்லும் படிகளில் விடயம் போகும். மாதக்கணக்கு எடுக்கும், வருடத்தையும் தாண்டலாம். வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்த பிறகு, மக்கள் தெரிவுசெய்த மாகாணக் கல்வி அமைச்சர் என்று போய் நிற்க ஒருவர் இல்லாமற்போனதும் தாமதத்தைக் கூட்டியது. ஆளுநரும் செயலாளரும்தான் மேலிடம்.

வாசலைப் பூட்டுவது

வேகம் என்று பார்த்தால் இதற்கு நிகரில்லை. காலையில் கவனயீர்ப்புத் தொடங்கினால் மதியத்துக்குள் வலயத்திலிருந்து யாராவது வந்து நிற்பார்கள், செய்தியாளரும் வருவர். கோபம் நியாயமானது, அதைக் காட்டும் உரிமையும் பெற்றாருக்கு உண்டு. ஆனாலும் இதை முதல் ஆயுதமாக எடுக்கக் கூடாது என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. பூட்டிய ஒவ்வொரு நாளும் தரம் 11 பிள்ளையின் ஒரு நாள். வகுப்புச் சீருடையோடு பிள்ளைகளை வெயிலில் முன்னுக்கு நிறுத்தினால் பேச்சு அதிபரிலிருந்து பெற்றார் மீது திரும்பிவிடும். ஆசிரியர்கள் இரண்டு பக்கமாகப் பிரிவார்கள், அந்தப் பிரிவு போராட்டம் முடிந்த பின்னும் ஓய்வறையில் இருக்கும். ஊரில் முன்பே இருந்த கோயில் பகை, கட்சிப் பகை, சாதிப் பகை எல்லாம் அதற்குள் நுழையும்.

இன்னொரு சிக்கல், கிடைக்கும் வெற்றியிலேயே இருக்கிறது. “அதிபரை மாற்று” என்ற ஒற்றைக் கோரிக்கையோடு நின்றால், கூட்டத்தைக் கலைக்க வலயம் அதைச் செய்யவும் கூடும். மாற்றி யாரை அனுப்புவார்கள்? கஷ்டப் பிரதேசப் பாடசாலைக்கு வர அதிபர் சேவையைச் சேர்ந்தவர்கள் வரிசையில் நிற்பதில்லை. பெரும்பாலும் அதே பாடசாலையின் ஓர் ஆசிரியர் பதில் அதிபராவார். சக ஆசிரியரின் லீவை மறுக்கவோ வகுப்பை மேற்பார்வை செய்யவோ அவருக்குத் துணிவு குறைவாக இருக்கும், அவர் கற்பித்த பாடத்துக்கும் ஆள் இல்லாமற்போகும்.

செய்தே ஆக வேண்டிய கட்டம் வந்தால், மகஜரின் காலக்கெடு முடிந்த பிறகு, பாடசாலை விட்டபின், வலயக் கல்வி அலுவலகத்தின் முன்னால் செய்யுங்கள். பாடமும் கெடாது, முடிவெடுக்க வேண்டியவரின் வாசலிலும் நிற்கலாம். வாய்மொழி உறுதியோடு கலைய வேண்டாம், திகதியும் ஒப்பமும் உள்ள ஒரு வரியாவது வாங்குங்கள்.

வெளிநாட்டுக் காசும் தொண்டர் ஆசிரியரும்

உயிர் பிடிக்க உதவும், நோயைத் தீர்க்காது. பரீட்சைக்கு ஆறு மாதம் இருக்கும்போது ஆங்கிலத்துக்கோ கணிதத்துக்கோ ஒருவரை ஊக்குவிப்புப் பணம் கொடுத்து அமர்த்துவது சரியான செலவு. கதவு, வாயில் வளைவு, மேடை என்று கட்டுவதை விடப் பத்து மடங்கு சரியான செலவு. ஆனால் வெற்றிடம் ஆவணத்தில் அப்படியே கிடக்க, கேட்கும் குரல் தணிந்துவிடுகிறது. தொண்டர் ஆசிரியரை அமர்த்தும் நாளிலேயே, இந்த வெற்றிடம் இன்னும் நிரப்பப்படவில்லை என்று வலயத்துக்கு ஒரு கடிதம் போக வேண்டும். எத்தனை மாதத்துக்கு, எவ்வளவு, யார் கொடுப்பது என்பதை எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள். பழைய மாணவர் சங்கக் காசு தனி ஒருவரின் கணக்குக்குப் போகக் கூடாது, இருவர் ஒப்பமிடும் கணக்காக இருக்கட்டும்.

அரசியல்வாதிகளும் அதிகாரிகளும் கூடும் மாவட்ட ஒருங்கிணைப்புக்குழுவுக்கு விடயத்தைக் கொண்டுபோவது பேருந்து நேரம், கட்டடம், தண்ணீர் போன்றவற்றுக்கு நல்லது. அதிபர் பிரச்சினையை அங்கே எடுத்தால் அது அரசியல்வாதிகளின் பிரச்சினையாகிவிடும்.

பிள்ளையை மாற்றுவது

இதை யாரும் துரோகம் என்று சொல்ல வேண்டாம். உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க விரும்பும் பிள்ளையின் பாடசாலை 1சி வகையாக இருந்தால் மாறத்தான் வேண்டும், அந்தப் பிரிவு 1ஏபி பாடசாலையில்தான் உண்டு. மற்றவர்கள் இரண்டு விடயத்தை யோசிக்க வேண்டும். ஆளணி மாணவர் தொகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. கெட்டிக்காரப் பிள்ளைகள் இருபது பேர் வவுனியாவுக்கும் கிளிநொச்சி நகருக்கும் போனால், மிஞ்சியிருக்கும் பிள்ளைகளின் ஆசிரியரும் குறைவார். அடுத்தது பல்கலைக்கழக அனுமதி. இடங்களில் பெரும்பங்கு மாவட்ட ஒதுக்கீட்டில் போகிறது. உயர்தரத்துக்கு முந்திய மூன்று ஆண்டுகள் எந்த மாவட்டப் பாடசாலையில் படித்தார் என்பது அதில் பார்க்கப்படும். முல்லைத்தீவிலிருந்தோ மன்னாரிலிருந்தோ யாழ்ப்பாணத்துக்கு மாற்றும் பெற்றார், அந்த ஆண்டின் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுக் கைநூலை வாசித்துவிட்டு முடிவெடுங்கள். மாற்றுவது உறுதி என்றால், புதிய பாடசாலை அனுமதிக்கச் சம்மதித்த பின்பே விடுகைப் பத்திரம் எடுங்கள்.

நேரத்தை வைத்துச் சொன்னால், தவணையின் முதல் வாரத்தில் தகவல் விண்ணப்பமும் கொப்பிக் கணக்கும் தொடங்கலாம். பதில் வந்ததும் சங்கக் கூட்டத்தில் வைத்து, குறிப்பில் ஏற்றி, அந்தக் குறிப்பின் பிரதியோடு மகஜர் போகட்டும். இடையில் அதிபர் மாறினால் வேலை முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். புதியவர் பொறுப்பேற்ற முதல் வாரத்தில் அதே மூன்று கோரிக்கைகளையும் அவரிடம் கையளித்து, திகதியிட்டு ஒப்பம் வாங்கி, வலயத்துக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.