காப்பீட்டு அட்டைக்கு யாரிடமும் பணம் கொடுத்துவிடாதீர்கள்

மேலூர் பக்கம் எங்கள் ஊர். போன மாதம் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஆஞ்சியோ பார்த்தார்கள். அடைப்பு இருக்கிறது, ஸ்டென்ட் வைக்க வேண்டும், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதிலேயே செய்துவிடலாம் என்றார்கள். எங்களிடம் அட்டை இல்லை. எங்கே எடுப்பது என்று கேட்டதற்கு, "எடுத்துட்டு வாங்க" என்பதோடு சரி. மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

எதிர் டீக்கடையில் ஒருவர் தானாகவே வந்து பேசினார். "நீங்க எதுக்கு அலையுறீங்கக்கா, மூணே நாள்ல அட்டை கையில இருக்கும்" என்றார். 4,500 ரூபாய் கேட்டார். அம்மா ஆடு விற்று வைத்திருந்த காசு அது. ரேஷன் கார்டு, ஆதார் நகலும் வாங்கிக்கொண்டார். மூன்று நாள் ஒன்பது நாளானது. கடைசியில் லேமினேட் செய்த ஒரு அட்டையைத் தந்தார். ஆஸ்பத்திரியில் எண்ணைப் போட்டுப் பார்த்தால், அது வேறு யாரோ ஒரு குடும்பத்தின் எண்! அப்பா நாற்காலியில் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த ஒன்பது நாளில் அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் யாரைப் போய்க் கேட்பது? இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

உண்மையில் இந்த அட்டைக்குக் கட்டணமே கிடையாது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். அதோடு ரேஷன் கார்டு, ஆதாரையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்கு நேரில் போங்கள். நாங்கள் போனபோது அங்கிருந்த பெண் பொறுமையாகப் பதிவு செய்து எண்ணை எழுதிக் கொடுத்தார். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை பெறலாம் என்பதையே அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேளுங்கள். திட்டத்தில் சேர்ந்த சிகிச்சைக்கு ஆஸ்பத்திரி தனியாகப் பணம் கேட்டாலும் இதே எண்ணில் புகார் சொல்லலாம்.

அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது, நன்றாக இருக்கிறார். அந்த ஆளின் போன் அணைந்தே கிடக்கிறது. ஆனால் போன வாரம் மாத்திரை வாங்கப் போனபோது அவரை அதே டீக்கடையில் பார்த்தேன், கையில் நீல நிற ஃபைலோடு ஒரு வயதான அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் நேராகப் போய் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, கலெக்டர் ஆபீஸுக்குப் பஸ் ஏற்றிவிட்டேன்.