ஓடுகிறவருக்கு ஏற்ற வீடு: குடியேறிச் சில வருடம் ஆன பிறகே தெரிகிற விஷயங்கள்

வீடு பார்க்கப் போகும் ஓட்டக்காரர் முதலில் கேட்பது "பக்கத்தில் பூங்கா இருக்கிறதா?" என்பதுதான். கேள்வியில் தப்பில்லை. ஆனால் அந்தப் பூங்கா பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் உதவும். வாரத்தில் நான்கைந்து நாள் ஓடுபவருக்கு, செவ்வாய்க்கிழமை அதிகாலை ஐந்தரை மணிக்கு கேட்டைத் தாண்டியதும் காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். பூங்கா 4 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் வண்டி எடுக்க வேண்டும், நிறுத்த இடம் தேட வேண்டும், வியர்வையோடு திரும்ப ஓட்டி வர வேண்டும். முதல் மாதம் இது பெரிதாகத் தெரியாது. ஆறாவது மாதத்தில், 45 நிமிட ஓட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் போகிறதே என்று மனசு கணக்குப் போட ஆரம்பிக்கும். பிறகு வார நாள் ஓட்டம் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும். ஓடும் பாதை வாசலிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் இருந்தால் அந்தத் தூரமே வார்ம் அப் ஆகிவிடும். அதைவிடத் தூரமாகப் போகப்போக, எவ்வளவு அழகான பாதையானாலும் அது வார இறுதிப் பாதைதான்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை போதும். ஷூவை மாட்டிக்கொண்டு, வழக்கமாக ஓடும் அதே நேரத்தில், ஒரு வார நாளில், அந்த வீட்டு கேட்டிலிருந்தே 5 கிலோமீட்டர் ஓடிப் பாருங்கள். எத்தனை இடத்தில் நின்றீர்கள் என்று எண்ணுங்கள்: சிக்னல், சாலை கடப்பது, நாய்க் கூட்டம், ரிவர்ஸ் எடுக்கும் வண்டி எல்லாம் சேர்த்து. முதல் கிலோமீட்டரில் மூன்று நான்கு முறை நின்றால் பரவாயில்லை. அதற்குப் பிறகும் கிலோமீட்டருக்கு ஒரு தடவைக்கு மேல் நிற்க வேண்டியிருந்தால், அங்கே டெம்போ ரன் நடக்காது. இருபது நிமிடம் ஒரே சீராக ஓட வேண்டிய பயிற்சி நாலு துண்டாக உடைந்துவிடும். காலையில் ஓடுபவர் மாலையில் போய்த் தெருவைப் பார்த்துவிட்டு வருவது வழக்கமான தவறு. மாலையில் தெரிகிற வெளிச்சத்தில் பாதி கடைகளுடையது; அதிகாலையில் அவற்றின் ஷட்டர் இறங்கியிருக்கும். தெருவிளக்கு எரிந்தாலும் அதற்குக் கீழே மரக்கிளை படர்ந்திருந்தால் வெளிச்சம் இலையிலேயே நின்றுவிடும். வேர் கிளப்பிய கல்லும் அந்த நிழலில்தான் இருக்கும்.

சாலையின் பக்கவாட்டுச் சரிவைப் பற்றி வீடு பார்க்கும்போது யாரும் யோசிப்பதில்லை. முழங்கால் வலி வந்த பிறகுதான் யோசிக்கிறார்கள். மழைநீர் வடிவதற்காகத் தார் சாலையை நடுவில் மேடாக்கி, இரு ஓரமும் தாழ்வாக இருக்கும்படி போடுவார்கள். சரிவு மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் போல இருக்கும். பழைய சாலைகளின் ஓரத்தில் இன்னும் கூடும். அதில் ஓடும்போது மேட்டுப் பக்கத்துப் பாதம் உள்நோக்கிச் சாயும், பள்ளத்துப் பக்கத்துப் பாதம் வெளிநோக்கிச் சாயும். ஒரு நாளைக்கு ஒன்றும் ஆகாது. ஒரு மணி நேர ஓட்டத்தில் பத்தாயிரம் அடி விழுகிறது. வருடக்கணக்கில் ஒரே பக்கம் சாய்ந்து விழுந்தால் முழங்காலின் வெளிப்புறமோ இடுப்போ பேச ஆரம்பிக்கும். போகும்போது ஓடிய அதே ஓரத்தில் திரும்பி வந்தால் சாய்வு சமன்படும். சிக்கல் என்னவென்றால், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஓடுவதுதான் பாதுகாப்பு. அந்த விதியைப் பின்பற்றினால் போகும்போதும் வரும்போதும் ஒரே காலுக்குத்தான் சரிவு. இரண்டையும் ஒரே சாலையில் சாதிக்க முடியாது. அதனால்தான் தட்டையான நடைபாதையோ, வண்டி நடமாட்டம் குறைந்த உள்தெருவோ பக்கத்தில் இருக்கும் வீட்டுக்குத் தனி மதிப்பு.

அதோடு ஒப்பிட்டால் "காங்கிரீட்டில் ஓடினால் மூட்டு போய்விடும்" என்ற பயம் கொஞ்சம் மிகை. தரை கடினமாக இருந்தால் கால் தன் விறைப்பைத் தளர்த்திக்கொள்ளும், மிருதுவாக இருந்தால் கூட்டிக்கொள்ளும். படிப்படியாகப் பழகியவருக்குச் சீரான காங்கிரீட் தாங்கும். மேடுபள்ளமான பேவர் பிளாக்தான் கணுக்காலைப் பிடித்து முறுக்கும். நிழல் விழும் இடத்தில் பேவர் பிளாக் இருந்தால் மழைக்காலத்தில் அதன்மேல் பச்சைப் பாசி படியும். கோடையில் வீடு பார்ப்பவருக்கு இது தெரியாது. கல் இடுக்குகளில் கறுத்துக் காய்ந்த பொருக்கு இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். இருந்தால் மழையில் அந்த இடம் வழுக்கும்.

பெரிய அபார்ட்மென்ட் வளாகங்களில் "உள்ளேயே ஜாகிங் டிராக் இருக்கிறது" என்பார்கள். நீளத்தைக் கேளுங்கள். 350 மீட்டர் என்றால் 7 கிலோமீட்டருக்கு 20 சுற்று. நாலு மூலையும் செங்கோணம் என்றால் 80 திருப்பம், எல்லாம் ஒரே பக்கம். சுற்றும் திசையை நாள்விட்டு நாள் மாற்றினால் சமாளிக்கலாம். மாற்றாதவருக்கு உள்பக்கத்துக் காலில் தொந்தரவு வரும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே கைக்கடிகாரத்தின் ஜிபிஎஸ் சிக்னல் சுவரில் பட்டுத் திரும்புவதால் தூரமும் வேகமும் தாறுமாறாகக் காட்டும். அங்கே நேரத்தையும் சுற்றையும் எண்ணுவதே மேல். பள்ளிப் பேருந்துகள் வளாகத்துக்குள் எப்போது வரும், அதிகாலையில் ஓட குடியிருப்போர் சங்கம் அனுமதிக்கிறதா என்பதையும் குடியேறுவதற்கு முன்பே விசாரியுங்கள்.

வீடு மேட்டில் இருக்கிறதா, பள்ளத்திலா? 2, 3 சதவீத ஏற்றம் (100 மீட்டர் தூரத்துக்கு 2, 3 மீட்டர் உயர்வு) எந்தப் பக்கம் இருந்தாலும் கவலை இல்லை. வெளியே போக ஒரே வழிதான், அதுவும் 6 சதவீதத்துக்கு மேல் என்றால் யோசிக்க வேண்டும். மேட்டு வீட்டுக்காரர் சூடேறாத காலோடு இறங்கி, களைத்த பிறகு ஏற வேண்டும். பள்ளத்து வீட்டுக்காரருக்குத் தொடக்கத்திலேயே மூச்சு வாங்கும், கடைசியில் களைத்த தொடையோடு இறங்க வேண்டும். எப்படியும் மூச்சு வாங்காமல் மெதுவாக ஓடும் 'ஈசி ரன்' என்று ஒன்று இருக்காது. வாரப் பயிற்சியில் பெரும்பகுதி ஈசியாக இருக்க வேண்டியவருக்கு இது சின்னக் குறையில்லை. மலை ஏற்றப் பயிற்சிக்கு 200 மீட்டர் நீளச் சரிவு ஒன்று அரைமணி ஓட்டத் தொலைவில் இருந்தால் போதும், வாசலிலேயே வேண்டாம்.

காற்று விஷயத்தில் ஒரு தவறான நம்பிக்கை உண்டு: விடியற்காலைக் காற்று எப்போதும் சுத்தம் என்பது. காற்றசைவு இல்லாத குளிர்ந்த காலைகளில் தரையை ஒட்டிய குளிர்காற்றின்மேல் சூடான காற்று மூடி போல உட்கார்ந்துகொள்ளும். இரவு முழுக்க லாரிகள் விட்ட புகை மேலே போகாமல் கீழேயே தேங்கும். ஆனால் வாகனப் புகையின் அடர்த்தி நெடுஞ்சாலையிலிருந்து தள்ளிப் போகப்போகக் குறையும்; பகலில் 150, 200 மீட்டரிலேயே கணிசமாகக் குறைந்துவிடும், இப்படிப்பட்ட காலைகளில் இன்னும் தூரம் தள்ள வேண்டும். ஆகவே இரண்டு தெரு உள்ளே தள்ளிய வீடு, பாதையும் உள்நோக்கிப் போவதாக இருந்தால், நெடுஞ்சாலையை ஒட்டிய பெரிய வீட்டைவிட நல்லது.

லாங் ரன் (நீண்ட தூர ஓட்டம்) ஓடுபவர் இன்னொன்றையும் பார்க்கலாம். வீட்டு வாசல் வழியாகத் திரும்பி வரும் 5 கிலோமீட்டர் வட்டம் ஒன்று அமைந்தால் 25 கிலோமீட்டரை ஐந்து சுற்றாக ஓடலாம். கேட் அருகே தண்ணீர் பாட்டில், அவசரத்துக்குக் கழிப்பறை, கால் பிடித்துக்கொண்டால் நிறுத்தும் இடம், மூன்றும் ஒரே இடத்தில். வரைபடத்தில் பத்து நிமிடம் செலவழித்தால் இந்த வட்டம் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

வீட்டுக்குள் பார்க்க வேண்டியவை குறைவு. தினமும் ஓடுபவருக்கு இரண்டு ஜோடி ஷூ வேண்டும். ஒன்று உலர்ந்துகொண்டிருக்கும்போது இன்னொன்று ஓடும். வாசலருகே வெயில் நேரடியாகப் படாத, காற்று புகும் இடம் தேவை. மூடிய அலமாரியில் ஈர ஷூ நாறும். வெயிலில் வைத்தால் அடி ஃபோமும் பசையும் கெடும். உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் வைப்பதே சரி. குளியலறைக்குப் போக வரவேற்பறையும் படுக்கையறையும் தாண்ட வேண்டிய அமைப்பென்றால் வியர்வை சொட்டும் பாதை தினமும் வழுவழுப்பான டைல்ஸ் மேல்தான். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி பிரச்சினை இல்லை. ஆனால் லாங் ரன்னுக்கு அடுத்த இரண்டு நாள் ஏறுவதைவிட இறங்குவதுதான் படுத்தும். தசை நீண்டபடியே எடை தாங்க வேண்டியிருப்பதுதான் காரணம். கைப்பிடி உறுதியான படி ஒன்று இருந்தால், அதில் முன்பாதத்தை வைத்துக் குதிகாலை மெதுவாகக் கீழே இறக்கும் பயிற்சி செய்யலாம். 15 முறை, 3 சுற்று. குதிகால் தசைநாண் வலிக்காரர்களுக்கு இது பழகிய மருந்து.

ட்ரெட்மில் வைக்கப் போகிறவர்கள் மட்டும் அளவெடுங்கள். பெல்ட் தரையிலிருந்து 20 சென்டிமீட்டர் போல உயர்ந்திருக்கும். குதிக்கும் உயரமும் சேர்த்தால் உங்கள் உயரத்துக்கு மேல் 40 சென்டிமீட்டராவது காலியாக வேண்டும். தவறி விழுந்தால் சுவரில் மோதாமலிருக்க இயந்திரத்துக்குப் பின்னால் 2 மீட்டர் விடுங்கள். ரப்பர் பாய் சத்தத்தைக் குறைக்கும், கீழ்வீட்டுக் கூரைக்குப் போகும் அதிர்வை அவ்வளவாகக் குறைக்காது. அறை நடுவில் தளம் அதிகம் அதிரும். உத்தரமோ சுவரோ தாங்கும் ஓரமாகப் போடுவது கொஞ்சம் உதவும். கீழே ஆள் குடியிருந்தால் அதிகாலை ட்ரெட்மில்லை மறந்துவிடுவதே நல்லது.

கடைசியாக, பாதையை ஒட்டிய காலி மனைகளை எண்ணுங்கள். இன்றைக்கு அமைதியாகத் தெரியும் தெருவில் மூன்று காலி மனை இருந்தால், அவற்றில் ஒவ்வொன்றாகக் கட்டடம் எழும். மணல் லாரி, சாலையில் சிதறிய ஜல்லி, குழாய்க்குத் தோண்டிச் சரியாக மூடாத பள்ளம் எல்லாம் வருடக்கணக்கில் தொடரும். கேட்டிலிருந்து இரண்டு திசையிலும் ஓட வழி இருக்கிற வீடென்றால், ஒரு பக்கம் தோண்டும்போது மறுபக்கம் திரும்பிவிடலாம்.