சுங்கை சிப்புட்டில் 168,000 வெள்ளிக்கு ஒரு தரை வீடு: 14 மாதங்கள் குடியிருந்த பின் எழுதும் மதிப்பீடு

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் நகரிலிருந்து மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடத் தொலைவில் உள்ள ஒரு தாமானில் (வீடமைப்புப் பகுதியில்), 20 அடி அகலமும் 65 அடி நீளமும் கொண்ட மனையில் நிற்கும் மூன்று அறைத் தரை வீட்டை 2024 மார்ச்சில் 168,000 வெள்ளிக்கு ஒப்பந்தம் செய்தோம். அதே ஆண்டு டிசம்பரில் சாவி கைக்கு வந்தது. நானும் என் கணவரும் எங்கள் மகளும் என் பெற்றோரும் இதில் குடியேறி 14 மாதங்கள் ஆகின்றன. எங்கள் குடும்பத்தில் யார் பெயரிலும் எழுதப்பட்ட முதல் வீடு இதுதான். விளம்பரத்தில் இதைப் பற்றி "உடனே குடியேறலாம்" என்று இரண்டே சொற்கள் இருந்தன. அந்த இரண்டு சொற்களும் எந்த அளவுக்கு உண்மையாயின என்பதை, இதே விலையில் வீடு தேடிக்கொண்டிருப்பவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் விரிவாக எழுதுகிறேன்.

என் அப்பா பால் மரத்திலும் பிறகு செம்பனையிலும் 31 ஆண்டுகள் உழைத்தவர். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில், பிறந்து வளர்ந்தவர்களுக்கு வீடு என்பது வேலையோடு ஒட்டியே வருவது. பெரட்டில் (காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்தில்) பெயர் கூப்பிடும் வரைதான் தலைக்கு மேல் கூரை இருக்கும், ஓய்வு பெற்றதும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் எங்கள் மக்களின் வேலையும் வீடும் ஒரே நாளில் போயின என்பதும், அதைத் தடுக்கத்தான் இந்த ஊரிலேயே பிறந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார் என்பதும் இங்குள்ள பெரியவர்களுக்குத் தெரிந்த செய்திகளே. அப்பாவின் ஓய்வுக்கு ஓராண்டுதான் மீதம் இருந்தது. அதனால் கட்டி முடிக்காத புது வீட்டை நாங்கள் தேடவில்லை. புதிய தரை வீடு என்றால் ஒப்பந்தம் போட்ட நாளிலிருந்து 24 மாதங்களுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம்; அந்த 24 மாதங்களும் வாடகையும் கட்ட வேண்டும், வங்கி விடுவிக்கும் பணத்துக்கு வட்டியும் கட்ட வேண்டும். ஒப்படைத்த பிறகும் கிரில் கம்பி, விளக்கு, காற்றாடி, சமையலறை மேடை என்று எல்லாவற்றையும் நாமே போட வேண்டியிருக்கும். எங்களிடம் அதற்கான பணமும் இல்லை, காலமும் இல்லை.

முதலில் வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். சுவர்கள் உறுதியாக உள்ளன. முன்னும் பின்னும் கிரில் போட்டிருக்கிறது. சமையலறையை முந்தைய உரிமையாளர் பின்பக்கம் நீட்டிக் கட்டியிருக்கிறார். அந்தக் கூடுதல் பகுதிக்கு நகராண்மைக் கழகத்தின் அனுமதி வரைபடம் இருப்பதைக் கேட்டு வாங்கிப் பார்த்தோம். அனுமதி இல்லாத கட்டடப் பகுதியை வங்கியின் மதிப்பீட்டாளர் கணக்கில் சேர்க்காமல் விடலாம். அப்படி மதிப்பு குறைந்து கடனும் குறைந்தால், வித்தியாசத்தை நாம்தான் கையிலிருந்து போட வேண்டும். மூன்று அறைகளில் ஒன்று மிகச் சிறியது. ஒரு கட்டிலும் ஒரு மேசையும் போட்டால் நடக்க இடமில்லை. மகாத்மா காந்தி கலாசாலைக்கு மகளைக் காலையில் விட்டுவிட்டு நான் வேலைக்குப் போக முடிகிறது. என் கணவர் ஈப்போவில் வேலை செய்கிறார். வேண்டுமானால் ரயிலிலும் போய்வரலாம்.

வீட்டைப் பார்க்க மூன்று முறை போனோம். முதல் இரண்டு முறையும் வெயில் நேரம். எல்லாம் பளிச்சென்று இருந்தது, புதுச் சாயத்தின் வாசனை கூட அடங்கவில்லை. மூன்றாம் முறை அப்பாதான், "மழை விட்டதும் போய்ப் பார்ப்போம்" என்று பிடிவாதமாகச் சொன்னார். பேராக்கின் மாலை மழை ஒன்று கொட்டி ஓய்ந்த அரை மணி நேரத்தில் போய் நின்றோம். பின் அறையின் சீலிங்கில், சன்னலுக்கு மேலே, உள்ளங்கை அகலத்துக்குச் சாயம் லேசாக உப்பியிருந்தது. அப்பா துடைப்பக் கம்பை எடுத்து அதை மெல்ல அழுத்தினார். பலகை ஊறிய ரொட்டி போல உள்ளே அமுங்கியது, கம்பின் முனையில் ஈரம் ஒட்டிக்கொண்டு வந்தது. அந்த அறைக்கு மட்டும் இரண்டு பூச்சுச் சாயம் அடித்திருந்த காரணம் அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. முகவரிடம் கேட்டபோது, தமக்கு எதுவும் தெரியாது என்று சொன்னார். அதை நான் நம்பவில்லை. இருந்தாலும் அந்த உப்பலைக் காட்டித்தான் 173,000 வெள்ளி கேட்டவர்களிடம் விலையை 168,000-க்குக் கொண்டுவந்தோம். கூரை ஓடுகளை மாற்றிச் சீலிங்கைப் பிரித்துப் போட 2,700 வெள்ளி ஆனது.

கைமாறும் பழைய வீட்டுக்கும் புது வீட்டுக்கும் உள்ள மிகப் பெரிய வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. புது வீட்டில் சாவி வாங்கிய நாளிலிருந்து 24 மாதங்கள் வரை தெரியவரும் குறைகளை மேம்பாட்டாளர் தம் செலவில் சரிசெய்து தர வேண்டும். பழைய வீட்டை இருக்கிற நிலையிலேயே வாங்குகிறோம். ஒப்பந்தத்தில் தனியாக எழுதி வாங்கவில்லை என்றால், கையெழுத்துப் போட்ட பிறகு விற்றவரிடம் போய்க் கேட்க வழியில்லை. ஆகவே பார்க்க வேண்டியதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டுத் தண்ணீரின் வேகத்தைப் பாருங்கள். தரை ஓடுகளை ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். உள்ளே பிடிப்பு விட்டுப்போன ஓடு வெற்றுத் தகரம் போலச் சத்தம் கொடுக்கும். கதவு நிலைகளின் அடிப்பகுதியைக் கரையானுக்காக விரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். மின்பெட்டியில், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தை உடனே துண்டிக்கும் கருவி ஒன்று இருக்கும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினால் மொத்த வீடும் அணைய வேண்டும். எங்கள் வீட்டில் அணையவில்லை. அதை மாற்ற 180 வெள்ளிதான் ஆனது. ஆனால் சுடுநீர்க் கருவி வைத்த குளியலறையில் குழந்தை குளிக்கிற வீட்டில் அது வேலை செய்யாமல் எத்தனை ஆண்டுகள் இருந்ததோ என்பதை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.

வீட்டைவிட அதிகமாக எங்களைக் காக்க வைத்தது பட்டா. இந்த மனை 1992-இல் தொடங்கிய 99 ஆண்டுக் குத்தகை நிலம். 2091 வரை செல்லும். பட்டாவில், மாநில அரசின் ஒப்புதல் இல்லாமல் பெயர் மாற்றக் கூடாது என்ற கட்டுப்பாடு எழுதப்பட்டிருந்தது. அதை எங்களுக்கு முகவர் சொல்லவில்லை. முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் நாங்களே நில அலுவலகத்தில் பட்டாவைத் தேடிப் பார்த்ததால்தான் தெரியவந்தது. ஒப்புதலுக்கு விற்பவர் தரப்பு விண்ணப்பிக்க வேண்டும். பணம் கட்டி முடிப்பதற்கான மூன்று மாதமும், தேவைப்பட்டால் அதற்கு மேல் ஒரு மாதமும், அந்த ஒப்புதல் கிடைத்த பிறகே எண்ணத் தொடங்கும். விற்றவரின் வழக்கறிஞர் விண்ணப்பத்தை அனுப்பவே இரண்டு மாதம் எடுத்துக்கொண்டார். நாங்கள் வாரந்தோறும் தொலைபேசியில் அழைத்தும், கடிதம் எழுதியும், கடைசியில் நேரில் போய் உட்கார்ந்தும்தான் அது நகர்ந்தது. உடனே குடியேறலாம் என்று விளம்பரம் செய்த வீடு ஒன்பது மாதங்கள் பூட்டியே கிடந்தது. சுவரும் கூரையும் தயாராக இருந்து பட்டா தயாராக இல்லையென்றால் அதைத் தயாரான வீடு என்று சொல்ல முடியாது. நிரந்தர உரிமை நிலத்தில் இந்தத் தாமதம் பெரும்பாலும் இருக்காது. அதே அளவு வீட்டுக்கு அங்கே விலை கூடுதல். எங்கள் கடன் முடியும்போது குத்தகையில் சுமார் 37 ஆண்டுகள்தான் மீதம் இருக்கும். மகளின் காலத்தில் அதைப் புதுப்பிக்கச் செலவாகும் என்பதைத் தெரிந்தேதான் வாங்கினோம்.

இனிப் பணக் கணக்கு. முதல் வீடு என்பதால் வங்கி 90 விழுக்காடு, அதாவது 151,200 வெள்ளி கடன் கொடுத்தது. மீதமுள்ள 16,800 வெள்ளியில் 3,360 வெள்ளியை முன்பணமாகவும், 13,440 வெள்ளியை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போதும் கட்டினோம். இங்கே பலர் தடுமாறுகிறார்கள். ஊழியர் சேமநிதியிலிருந்து வீட்டுக்காகப் பணம் எடுக்கலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். வீட்டின் விலைக்கும் கடனுக்கும் உள்ள வித்தியாசத்தோடு விலையில் இன்னொரு 10 விழுக்காடும், கணக்கில் இருக்கும் தொகைக்கு உட்பட்டு, எடுக்க முடியும். ஆனால் கையெழுத்தான ஒப்பந்தத்தையும் வங்கியின் கடன் கடிதத்தையும் காட்டிய பிறகுதான் அந்தப் பணம் கிடைக்கும். எனவே முதல் 16,800 வெள்ளி கையில் இருந்தே ஆக வேண்டும். எங்களுக்கு அம்மாவின் நகையும், கூட்டுப் பணம் (சீட்டு) கட்டிச் சேர்த்த தொகையும் கைகொடுத்தன. சேமநிதிப் பணம் வந்ததும் நகையை முதலில் மீட்டோம். நாங்கள் எடுத்தது இரண்டாம் கணக்கிலிருந்து. 2024 மே மாதத்துக்குப் பிறகு அது செஜாத்ரா கணக்கு என்று பெயர் மாறியிருக்கிறது.

வழக்கறிஞர் கட்டணம் 2023-இல் வந்த விதியின்படி முதல் 500,000 வெள்ளிக்கு 1.25 விழுக்காடு. எங்களுக்கு விற்பனை ஒப்பந்தத்துக்கு 2,100 வெள்ளி, கடன் ஒப்பந்தத்துக்கு 1,890 வெள்ளி. சில்லறைச் செலவுகள் அதற்கு மேல். முத்திரை வரி ஒரு காசும் இல்லை. 500,000 வெள்ளிக்கு மேற்படாத முதல் வீட்டை வாங்கும் குடிமக்களுக்கு முழு விலக்கு உண்டு. 2025 இறுதிவரை என்று இருந்த அது, இப்போது 2027 இறுதிவரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அந்த விலக்கு இல்லாதிருந்தால் பெயர் மாற்றத்துக்கு 2,360 வெள்ளியும், கடன் பத்திரத்துக்கு 756 வெள்ளியும் கட்டியிருப்போம். கூரைக்கு ஆன செலவை அதுவே ஈடுசெய்தது என்று நினைத்துக்கொள்கிறோம்.

கடன் கால அளவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 4.2 விழுக்காடு வட்டியில் 30 ஆண்டுகளுக்கு மாதத் தவணை ஏறத்தாழ 739 வெள்ளி. 35 ஆண்டுகளுக்கு 688 வெள்ளி. வங்கி ஊழியர் 35 ஆண்டுகளைத்தான் பரிந்துரைத்தார். மாதம் 51 வெள்ளி குறைகிறதே என்று எங்களுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. வட்டி மாறாமல் இருக்கும் என்று வைத்து மொத்தத்தைக் கணக்கிட்டபோது, அந்தக் கூடுதல் ஐந்து ஆண்டுகளுக்காக ஏறத்தாழ 22,600 வெள்ளி அதிகம் கட்ட வேண்டியிருக்கும் என்று தெரிந்தது. 30 ஆண்டுகளையே எடுத்தோம். சம்பளச் சீட்டு இல்லாத சிறு வியாபாரிகளும் வாடகை வண்டி ஓட்டுநர்களும், நமக்கு யார் கடன் தருவார்கள் என்று ஒதுங்கிவிடக் கூடாது. நிலையான வருமானம் இல்லாதவர்களுக்கென்றே வீட்டுக்கடன் உத்தரவாதத் திட்டம் ஒன்று இருக்கிறது, வங்கியில் எஸ்.ஜே.கே.பி. என்று கேட்டால் சொல்வார்கள்.

முகவர் சேவைக்கு என்னால் நல்ல மதிப்பெண் தர முடியவில்லை. பதிவு பெற்றதற்கு அடையாளமான சிவப்பு அட்டை அணிந்தவர்தான். முன்பணத்தையும் நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்கில்தான் கட்டச் சொன்னார், அந்த வரையில் முறையாக நடந்துகொண்டார். தம் சொந்தக் கணக்கில் போடச் சொல்லும் முகவரிடம் யாரும் ஒரு வெள்ளி கூடக் கொடுக்க வேண்டாம். ஆனால் கூரையைப் பற்றியும் பட்டாவிலுள்ள கட்டுப்பாட்டைப் பற்றியும் அவர் வாய் திறந்திருக்க வேண்டும். நம்மவர்களிடம் கேள்வி கேட்கத் தயக்கம் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் தரப்பு வழக்கறிஞரோ பொறுமையானவர்; ஒப்பந்தத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் அப்பாவுக்குத் தமிழில் விளக்கிய பிறகுதான் எங்களிடம் பேனாவைக் கொடுத்தார். நில வரி, மதிப்பீட்டு வரி, தண்ணீர்க் கட்டணம், கழிவுநீர்க் கட்டணம் ஆகியவற்றில் பழைய பாக்கி இருக்கிறதா என்பதை ரசீதுகளோடு சரிபார்த்ததும் அவர்தான். கழிவுநீர்க் கட்டணத்தில் 214 வெள்ளி நிலுவை இருந்ததைக் கண்டுபிடித்து, விற்றவரின் பணத்தில் கழித்துக்கொண்டார்.

விலைக்கு இந்த வீடு தகுதியானதா என்றால், தகுதியானது என்றே சொல்வேன். ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். குறைத்த ஒன்று பட்டாவுக்காகவும், மறைத்துப் பூசிய சாயத்துக்காகவும். சாவி வாங்கிய மறுவாரம் விடியற்காலையில் பால் காய்ச்சினோம். அன்று மாலை அப்பா முன்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, லயத்திலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்த கறிவேப்பிலைக் கன்றுக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தார். வேலியோரம் நட்ட அது இப்போது என் இடுப்புயரம் வளர்ந்துவிட்டது. குளியலறைத் தரையில் வெற்றுச் சத்தம் கேட்ட ஆறு ஓடுகளில் இரண்டு சென்ற மாதம் கிளம்பிவிட்டன. தரையை மொத்தமாகப் பெயர்த்து, நீர்க்காப்புப் பூச்சோடு மீண்டும் போட ஒரு ஒப்பந்தக்காரர் 1,600 வெள்ளி கேட்டிருக்கிறார், இன்னொருவரிடமும் விலை கேட்டு வைத்திருக்கிறோம்.